மிதக்கும் மோட்டாரும் நேர்மையான கணக்கும்

(மாலை வகுப்பு மாணவ மாணவியரின் அறிவியல் கண்காட்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இக்கண்காட்சியில் நம் பிள்ளைகள் பல பொருட்களைச் செய்து வைத்திருக்கின்றனர். அவற்றுள் சன்னலோர மேசையில் இருக்கும் ஒன்றைப் பற்றி மட்டுமே இன்று பேச விழைகிறோம். ஒரு சாண் நீளமுள்ள மெல்லிய அச்சு ஒன்று காற்றில் நிற்கிறது. அதன் நடுப்பகுதியில், நான்கு பக்கங்களிலும் சூரிய மின்கலங்கள் ஒட்டப்பட்டுள்ளன. வெயில் பட்டதும் அது சுழலத் தொடங்குகிறது. மின்கம்பி இல்லை, பேட்டரி இல்லை, சுவிட்ச் இல்லை. காலை முதல் அம்மேசையைச் சுற்றிக் கூட்டம் குறையவே இல்லை.

பார்த்தவர்கள் கேட்ட கேள்விகளைக் கவனித்தோம். அவை இரண்டு வகையாக இருந்தன. "இதனால் என்ன பயன்? இதற்கு மதிப்பெண் உண்டா?" என்று சிலர் கேட்டனர். "மின்சாரமே இல்லாமல் ஓடுகிறதே! இதைப் பெரிதாகச் செய்தால் மின்கட்டணமே கட்ட வேண்டாமே?" என்று வேறு சிலர் கேட்டனர். முன்னவர்கள் இக்கருவியைக் குறைத்து மதித்தனர். பின்னவர்கள் கூட்டி மதித்தனர். இதன் சரியான மதிப்பு என்னவென்று எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

இது யார் கண்டது?

இதற்கு 'மெண்டசினோ மோட்டார்' என்று பெயர். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், பசிபிக் கடற்கரையை ஒட்டி மெண்டசினோ என்னும் மாவட்டம் உள்ளது. அங்குள்ள ஃபோர்ட் பிராக் என்ற சிற்றூரில் தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பழுதுபார்த்து வந்த லாரி ஸ்பிரிங் என்பவர், காந்தங்களின் மேல் மிதக்கும் இவ்வடிவத்தை 1994 இல் அமைத்துப் பலரும் அறியச் செய்தார். அம்மாவட்டத்தின் பெயரே கருவிக்கும் நிலைத்துவிட்டது.

இதன் மூலக்கருத்து அவருக்கும் முற்பட்டது. 1954 ஏப்ரல் 25 அன்று அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம், நடைமுறைக்கு உகந்த முதல் சிலிக்கான் சூரிய மின்கலத்தை உலகுக்கு அறிவித்தது. டாரில் சாப்பின், கால்வின் ஃபுல்லர், ஜெரால்டு பியர்சன் ஆகிய மூவர் அதனை உருவாக்கினர். தன்மீது விழுந்த ஒளியாற்றலில் ஏறத்தாழ 6 விழுக்காட்டை அது மின்சாரமாக மாற்றியது. நான்கே ஆண்டுகளில், 1958 இல், வான்கார்டு 1 என்னும் செயற்கைக்கோளுடன் சூரிய மின்கலங்கள் விண்வெளிக்குச் சென்றன. அம்மூவருள் ஒருவரான சாப்பின், 1962 இல் பள்ளி மாணவர்களுக்கென்று சூரிய ஆற்றல் பற்றிய செய்முறைப் பாடம் ஒன்றைத் தயாரித்தார். ஒளியே சுவிட்சாக வேலை செய்யும் மோட்டார் அப்பாடத்தில்தான் முதலில் விளக்கப்பட்டது. சாப்பினுடைய சுழலி ஊசிமுனையின் மேல் நின்று சுழன்றது. ஸ்பிரிங் அதனைக் காந்தத்தின் மேல் மிதக்கச் செய்தார்.

விண்வெளிக்குச் சென்ற ஒரு கண்டுபிடிப்பின் ஆசிரியர், பள்ளிப் பிள்ளைகளுக்காக அமர்ந்து பாடம் எழுதினார். அப்பாடத்தின் கருவியை அடுத்த படிக்குக் கொண்டு சென்றவர் பழுதுபார்க்கும் தொழிலாளி. கைத்தொழிலும் கல்வியும் ஒன்றையொன்று மதித்ததால் விளைந்த பொருள் இது என்பதை மனத்தில் கொள்ள வேண்டுகிறோம்.

எவ்வாறு சுழல்கிறது?

நம் வீட்டு மிக்சியை எண்ணிப் பாருங்கள். சில ஆண்டுகள் ஓடிய பின் "கார்பன் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும்" என்று கடைக்காரர் கூறுவார். சுழலும் சுருளுக்குள் மின்னோட்டத்தைச் செலுத்துவதும், சுருள் திரும்பத் திரும்ப மின்னோட்டத்தின் திசையை மாற்றிக் கொடுப்பதும் அக்கார்பன் துண்டுகளும் அவை உரசும் செப்புப் பட்டைகளும் சேர்ந்து செய்யும் வேலை. உரசுவதால் தேய்கின்றன, பொறி பறக்கிறது. திசை மாற்றம் நிகழாவிட்டால் சுருள் ஓரிடத்தில் நின்றுவிடும்.

மெண்டசினோ மோட்டாரில் அந்த வேலையை வெளிச்சமே செய்கிறது. நான்கு பக்கச் சுழலியின் மீது ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு செப்புக் கம்பிச் சுருள்கள் சுற்றப்பட்டுள்ளன. நம் பிள்ளைகள் ஒவ்வொரு சுருளிலும் 100 சுற்றுகள் சுற்றியிருக்கின்றனர். எதிரெதிர்ப் பக்கங்களில் உள்ள இரண்டு மின்கலங்கள் ஒரே சுருளோடு, ஒன்றுக்கொன்று தலைகீழாக இணைக்கப்பட்டுள்ளன. வெளிச்சம் படும் கலம் தன் சுருளுக்கு மின்னோட்டத்தை அனுப்புகிறது. மின்னோட்டம் பாயும் சுருள் காந்தத் தன்மை பெறுகிறது. கீழே பலகையில் பதிக்கப்பட்டுள்ள காந்தம் அதனைத் தள்ளுகிறது. சுழலி கால் சுற்று திரும்பியதும் அடுத்த கலம் வெளிச்சத்திற்கு வந்து, மற்றொரு சுருளை இயக்குகிறது. அரைச் சுற்றில் முதற்கலத்தின் எதிர்க்கலம் வெளிச்சத்திற்கு வருகிறது; அது அதே சுருளில் எதிர்த்திசையில் மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. இதனால் தள்ளும் திசை மாறாமல் சுழற்சி தொடர்கிறது. உரசும் பாகம் இல்லாததால் இங்குத் தேயக் கார்பனும் இல்லை.

இதிலிருந்து ஒரு வியப்பான செய்தியும் கிடைக்கிறது. எல்லாப் பக்கமும் சமமாக வெளிச்சம் பட்டால் இம்மோட்டார் சுழலாது. எதிரெதிர்க் கலங்கள் இரண்டும் ஒரே அளவில் மின்சாரம் தரும்போது, ஒன்றின் மின்னோட்டம் மற்றொன்றின் வழியே திரும்பிவிடுகிறது. சுருளுக்கு ஏதும் மிஞ்சுவதில்லை. ஒரு பக்கம் வெயிலும் மறுபக்கம் நிழலும் இருந்தால்தான் இது ஓடும். ஒருநாள் பிள்ளைகள் மோட்டாரைச் சுற்றி நான்கு புறமும் விளக்கு வைத்தால் நான்கு மடங்கு வேகமாக ஓடும் என்று எண்ணிச் செய்து பார்த்தனர். அது அசையவே இல்லை. அன்று மாலை அவர்கள் கற்றதை எந்தப் பாடநூலும் அவ்வளவு அழுத்தமாகக் கற்பித்திருக்க இயலாது.

எவ்வாறு மிதக்கிறது?

காந்தத்தின் ஒரே வகை முனைகள் ஒன்றையொன்று விலக்கும் என்பதை நாம் அனைவரும் பள்ளியில் படித்தோம். அச்சின் இரு பக்கங்களிலும் வளையக் காந்தங்கள் கோக்கப்பட்டுள்ளன. அவற்றின் கீழே பலகையில் பக்கத்துக்கு இரண்டாகக் காந்தங்கள் நிறுத்தப்பட்டுள்ளன. விலக்கு விசை அச்சை மேலே தாங்குகிறது. இரட்டைக் காந்தங்களின் நடுவே அமர்வதால் அது பக்கவாட்டில் நழுவுவதில்லை.

ஆனால் அருகில் சென்று உற்றுப் பாருங்கள். அச்சின் ஒரு முனை கூராக்கப்பட்டு, ஒரு சிறு கண்ணாடித் துண்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். அக்கண்ணாடியை எடுத்துவிட்டால் அச்சு நெடுக்கில் பாய்ந்து ஓடி விழுந்துவிடும். காந்தங்களின் இடத்தை மாற்றி மாற்றி வைத்துக் கண்ணாடி இல்லாமலே மிதக்க வைத்துவிடலாம் என்று நம் மாணவர் இருவர் ஒரு வாரம் முயன்றனர். முடியவில்லை. அவர்களுடைய முயற்சியில் குறை ஏதும் இல்லை. இங்கிலாந்தைச் சேர்ந்த சாமுவேல் எர்ன்ஷா என்னும் கணித அறிஞர் 1842 இல் இதற்குரிய தேற்றத்தை வெளியிட்டார். நிலைக்காந்தங்களை எப்படி அடுக்கினாலும், அவற்றின் விசையை மட்டும் கொண்டு அசையாத ஒரு காந்தத்தை எல்லாத் திசைகளிலும் உறுதியாக நிறுத்த இயலாது என்பது அதன் சாரம். மேல்நோக்கித் தாங்கினால் வேறொரு திசையில் நழுவிவிடும். ஆகவே ஒரு புள்ளியிலாவது வேறு துணை வேண்டும். அத்துணைதான் அந்தக் கண்ணாடித் துண்டு.

வரவும் செலவும்

நம் ஜமாஅத்தின் ஆண்டறிக்கையில் வரவு செலவுக் கணக்கு ஆண்டுதோறும் அச்சிடப்படுகிறது. வராத பணத்தைச் செலவிட முடியாது என்பதை நாம் அறிவோம். ஆற்றலுக்கும் அதே சட்டம்தான். நம் பிள்ளைகள் இம்மோட்டாருக்கும் ஒரு கணக்கு எழுதியிருக்கின்றனர். அதனை இங்குப் படித்துக் காட்டுகிறோம்.

உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1000 வாட் ஒளியாற்றல் விழுகிறது. இம்மோட்டாரின் ஒரு கலம் 6 சென்டிமீட்டர் நீளமும் 3 சென்டிமீட்டர் அகலமும் உடையது. அதாவது 18 சதுர சென்டிமீட்டர். ஆகவே அதன்மேல் நேராக விழும் ஆற்றல் 1.8 வாட். அதில் 15 விழுக்காடு மின்சாரமாகிறது என்று கொண்டால் கிடைப்பது 0.27 வாட். அதிலும் ஒரு பகுதி செப்புக் கம்பியின் மின்தடையால் வெப்பமாகக் கழிகிறது. எஞ்சியதே சுழற்சிக்கு. பழைய வகைக் கூரை மின்விசிறி ஒன்றுக்கு ஏறத்தாழ 75 வாட் தேவை. கலம் தரும் கால் வாட்டை அப்படியே எடுத்துக்கொண்டாலும், ஒரு மின்விசிறிக்கு இத்தகைய மோட்டார்கள் 300 வேண்டும். வெயில் பட்டால் ஓடும் இம்மோட்டார் அறையின் குழல்விளக்கில் தடுமாறுவதற்கும் காரணம் வரவுதான். நேர்வெயிலின் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ் அளவில் இருக்கும்; வீட்டறையில் அது சில நூறு லக்ஸ் மட்டுமே.

அப்படியானால் காந்தம் எவ்வளவு ஆற்றல் தருகிறது? கணக்கில் அந்த வரி சுழியம். ஒரு தூண் கூரையைப் பல ஆண்டுகள் தாங்கி நிற்கிறது. அதற்கு நாம் உணவளிப்பதில்லை. அத்தூணால் நமக்கு மாவும் அரைத்துத் தர முடியாது. காந்தம் அச்சைத் தாங்குவதும் அவ்வாறே. உராய்வு என்னும் செலவை அது குறைக்கிறது. வரவைக் கூட்டுவதில்லை.

ஒரு சொல்லைப் பற்றி

இக்கண்காட்சிக்கு முன்பு நடந்த ஒன்றை இங்குச் சொல்லியாக வேண்டும். விளம்பரப் பலகை எழுதும்போது, 'எரிபொருளின்றி, மின்சாரமின்றி இயங்கும் அதிசய மோட்டார்' என்று எழுதினால் கூட்டம் நிறைய வரும் என்று நலம் விரும்பும் ஒருவர் யோசனை கூறினார். அவர் எண்ணம் நல்லதே. ஆனால் இக்குழுவில் இருந்த பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர், "ஐயா, மின்சாரத்தால்தான் ஓடுகிறது. அந்த மின்சாரம் வெயிலிலிருந்து வருகிறது. இல்லை என்று எப்படி எழுதுவது?" என்று பணிவோடு கேட்டார். பலகை மாற்றி எழுதப்பட்டது. இப்போது மேசையின் மேல் உள்ள அட்டையில் மூன்று வரிகள் உள்ளன: இது வெயிலால் ஓடுகிறது, அச்சு ஒரு புள்ளியில் கண்ணாடியைத் தொடுகிறது, இதனால் மின்விசிறியை ஓட்ட முடியாது. இக்கண்காட்சியில் நமக்கு மிகுந்த நிறைவு தந்தவை அம்மூன்று வரிகளே.

ஏன் என்றால், 'ஒன்றுமில்லாமலே ஆற்றல் கிடைக்கும்' என்று கூறுவோர்க்கு நம் நாட்டில் என்றும் குறைவில்லை. 1996 இல் மூலிகையிலிருந்து பெட்ரோல் எடுப்பதாகத் தமிழகத்தில் ஒருவர் கூறியபோது, படித்தவர்களும் அதிகாரத்தில் இருந்தவர்களும் கூட நம்பினர். அது மோசடி என்று வழக்காகி, 2016 இல் சென்னை நீதிமன்றத்தில் தண்டனையாக முடிந்தது. இன்றும் காந்தத்தால் மட்டுமே ஓடும் ஜெனரேட்டர் என்று காணொளிகள் கைப்பேசிக்குக் கைப்பேசி சுற்றி வருகின்றன. அவற்றை நம்பி முன்பணம் கொடுக்கக் கூடியவர்கள் நம் வீடுகளிலும் இருக்கின்றனர். தன் கையால் சுருள் சுற்றி, மல்டிமீட்டரில் அளந்து, வரவு செலவு எழுதிப் பார்த்த பிள்ளையை அத்தகையோர் எளிதில் ஏமாற்ற முடியாது. "வரவு எங்கிருந்து?" என்று அப்பிள்ளை கேட்கும். அக்கேள்வி மின்சாரத்தோடு நிற்காது. மாதம் பத்து விழுக்காடு இலாபம் தருவதாகக் கூறி வீட்டு வாசலில் வந்து நிற்பவரிடமும் அது கேட்கப்படும்.

என்ன பயன்?

இனி முதற்கேள்விக்கு வருவோம். இந்த மோட்டாரால் நேரடிப் பயன் மிகக் குறைவு. ஆனால் இதில் உள்ள கருத்துகள் பெரிய கருவிகளில் பயன்படுகின்றன. கார்பன் உரசாமல் மின்னோட்டத்தை மாற்றி மாற்றிச் செலுத்தும் மோட்டாரே இன்று கடைகளில் விற்கும் பி.எல்.டி.சி. மின்விசிறியில் இருக்கிறது. இங்கு வெளிச்சம் செய்யும் வேலையை அங்கு ஒரு மின்னணுச் சுற்று செய்கிறது. பழைய மின்விசிறி 75 வாட் எடுத்த இடத்தில் இது ஏறத்தாழ 30 வாட் எடுத்துக்கொள்கிறது.

எர்ன்ஷா கூறிய தடையைப் பொறியாளர்கள் கடந்த விதமும் அறியத்தக்கது. சீனாவின் ஷாங்காய் நகரில் 2004 முதல் பயணிகளை ஏற்றிச் செல்லும் காந்தத் தொடர்வண்டி, தொடக்கத்தில் மணிக்கு 431 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. அதில் இருப்பவை மின்காந்தங்கள். வண்டிக்கும் பாதைக்கும் உள்ள இடைவெளியை உணர்கருவிகள் ஓயாமல் அளந்து, மின்னோட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் வண்டியை நிலைநிறுத்துகின்றன. தேற்றம் பொய்க்கவில்லை, அது கூறும் 'மாறாத காந்தம்' என்னும் நிபந்தனையை மாற்றிக்கொண்டனர்.

இதைவிடச் சிறியதும் உயர்ந்ததுமான ஒரு பயனும் உண்டு. இதயம் மிகவும் பலவீனமானவர்களுக்குப் பொருத்தப்படும் ஹார்ட்மேட் 3 என்னும் குருதி இறைப்பானில், சுழலும் பகுதி காந்தத்தால் முழுமையாக மிதக்க வைக்கப்பட்டுள்ளது. உரசும் தாங்கி இல்லாததால் குருதி அணுக்கள் நசுங்குவது குறைகிறது. 2017 இல் அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் அதற்கு ஒப்புதல் அளித்தது. சன்னலோர மேசையில் உள்ள அச்சுக்கும் ஒரு மனிதரின் நெஞ்சுக்குள் சுழலும் அச்சுக்கும் நெடுந்தொலைவு உண்டு. எனினும் இரண்டும் ஒரே பாதையில்தான் இருக்கின்றன.

கையால் செய்வது

இம்மோட்டாரைச் செய்ய நம் பிள்ளைகளுக்கு ஆறு வாரங்கள் ஆயின. சூரிய மின்கலம் அப்பளம் போல் நொறுங்கக் கூடியது; சூடு அதிகமானால் பற்று வைக்கும்போதே உடையும். அவ்வாறு சில கலங்கள் உடைந்தன. எல்லாம் இணைத்த பிறகும் மின்னோட்டம் பாயவில்லை. நம் ஊரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் வந்து பார்த்து, "கம்பியின் மேல் வார்னிஷ் பூச்சு இருக்கிறது பிள்ளைகளா, அதைச் சுரண்டாமல் பற்று வைத்தால் எப்படிப் பாயும்?" என்று ஒரே வரியில் தீர்த்து வைத்தார். பின்னர் சுழலி ஒரு பக்கம் கனமாக இருந்ததால் ஊஞ்சல் போல் ஆடியது, சுழலவில்லை. கடுகளவு களிமண்ணை எதிர்ப்பக்கத்தில் ஒட்டி ஒட்டிச் சரிசெய்தனர். அதற்கே நான்கு மாலைகள் சென்றன.

இதே மோட்டார் ஆயத்தமாகவும் விலைக்குக் கிடைக்கிறது. பள்ளிக் கண்காட்சி என்றவுடன் கடையில் மாதிரி ஒன்றை வாங்கிக் கொடுத்து அனுப்பும் பழக்கம் பெற்றோரிடையே பரவியுள்ளது. வாங்கிய மோட்டார் முதல் நாளே சுழலும். ஆனால் உடைந்த கலமும், சுரண்டாத பூச்சும், கடுகளவு களிமண்ணும் கற்பித்தவை அப்பெட்டிக்குள் இருப்பதில்லை.

நாம் வேண்டுவது

நிர்வாகக் குழுவினரிடமும் பெற்றோரிடமும் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, மாலை வகுப்பறையில் ஒரு கருவி அலமாரி அமைய வேண்டும். ஒரு மல்டிமீட்டர், ஒரு சால்டரிங் அயன், சில திருப்புளிகள், கம்பி, காந்தங்கள் ஆகியவை போதும். கல்வி உதவித் தொகைக்கும் நோட்டுப் புத்தகங்களுக்கும் நம் ஜமாஅத் தாராளமாக உதவி வருகிறது. அடுத்த ஆண்டுக் கணக்கில் 'கருவிகள்' என்று ஒரு வரி சேரட்டும். உடைந்துபோகும் பொருளுக்கும் அதில் இடம் இருக்கட்டும்.

இரண்டாவது, நம் ஊரில் காயில் கட்டுவோர், மின்பணியாளர், தச்சர், கடைசல் வேலை செய்வோர் எனத் தொழில் அறிந்த பலர் இருக்கின்றனர். பரிசளிப்பு விழாக்களில் அவர்களைப் பார்வையாளராக அமர்த்துகிறோம். மாதம் ஒரு மாலை அவர்களை ஆசிரியராக அமர்த்துவோம்.

மூன்றாவது, இம்மோட்டாரைச் செய்த எட்டுப் பேரில் ஐவர் மாணவியர். பத்தாம் வகுப்போடு அவர்களுடைய கல்வியை நிறுத்திவிட வேண்டாம் என்று பெற்றோரை அன்போடு கேட்டுக்கொள்கிறோம். விளம்பரப் பலகையில் பொய் எழுதக் கூடாது என்று துணிந்து கூறிய பிள்ளை, மேற்படிப்பிலும் தொழிலிலும் நம் ஊருக்குப் பெயர் தேடித் தருவாள் என்பதில் நமக்கு ஐயமில்லை.

மாணவ மாணவியரே! அடுத்த ஆண்டு நீங்கள் இதைவிடப் பெரிய கருவியைச் செய்யக் கூடும். அது ஓடினாலும் ஓடாவிட்டாலும், அதன் அருகே ஒரு கணக்குத்தாளை வையுங்கள். வந்தது இவ்வளவு, கழிந்தது இவ்வளவு, எஞ்சியது இவ்வளவு என்று அதில் உள்ளபடி எழுதுங்கள். அத்தாளைப் படிக்க நாங்கள் மறுபடியும் வருவோம்.